பெர்தாவின் பட்டினி

துவைக்கப் போடும்போதுதான் லூபோஷ் கவனித்தான். மனைவி ராத்காவின் வீட்டு அங்கிப் பையில் கொஞ்சம் மரத்தூள். முகர்ந்து பார்த்தான். சந்தேகமே இல்லை, எலி வாடை.

எலிப் பெட்டி இருக்கும் பால்கனிப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவள் ராத்கா. அவள் பையில் இது எப்படி வந்தது?

எலி வளர்ப்பே அவளால் வந்த வினைதான். பெர்தா என்ற மலைப்பாம்பு கல்யாணத்துக்கு முன்பிருந்தே லூபோஷோடு இருப்பவள். மூலை அறையில் விளக்கு போட்ட கண்ணாடித் தொட்டியில் சுருண்டு கிடப்பாள். அவளுக்காகக் கடையில் உறைந்த எலிகளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வறுவலுக்கு ராத்கா வாங்கிவைத்த வாத்துக்குப் பக்கத்தில் ஃப்ரீஸரில் வைத்திருந்தான். ராத்கா அதைப் பார்த்த அன்று போட்ட கூச்சல் மேல்மாடி வரை கேட்டது.

"வாத்தா எலியா, ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கும்! அந்த ஜந்து பக்கமே நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்!"

சரி, வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினான். ஒரு ஆண், இரண்டு பெண். மூடியில் கம்பிவலை அடித்த பிளாஸ்டிக் பெட்டி, அடியில் மரத்தூள், கூடு கட்டக் கிழித்த டாய்லெட் பேப்பர். முதல் ஈற்றைப் பார்த்தபோது தானே பெற்றது போலப் பூரித்துப் போனான்.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் இடுக்கியில் எலியைப் பிடித்து நீட்டினால், பெர்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாரங்கள் ஓடின, ஒரு வாய் தொடவில்லை. ராத்காவிடம் அவன் மூச்சு விடவில்லை. தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.

இந்தப் பக்கம் பெட்டியிலும் எலிகள் குறைந்துகொண்டே வந்தன. தாய் எலி மிரண்டால் குட்டிகளைத் தின்றுவிடும் என்பது எலி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அப்படித்தான் இருக்கும் என்று லூபோஷும் நம்பினான். ஆனால் காணாமல் போனவை பச்சைக் குட்டிகள் இல்லை, பால் மறந்து கொழுத்துவிட்ட எலிகள். அதுவும் அவன் டிராம் ஓட்டப் போகும் நாட்களில் மட்டும்.

இப்போது இந்த மரத்தூள்.

ராத்கா மூடிபோட்ட கூடையோடு காட்டிலிருந்து திரும்பினாள். மூடியைத் திறந்தால் உள்ளே நாலைந்து காளான்கள்தான் உருண்டுகொண்டிருந்தன.

"இவ்ளோ மழைக்கு இவ்ளோதானா?" என்றான்.

"நீ போய்ப் பொறுக்கு, அப்பத் தெரியும்."

"போகும்போது கூடை காலியாத்தான் இருந்துதா?"

"காளான் பொறுக்கப் போறவ கூடையில ரொப்பிக்கிட்டா போவா? என்ன கேள்வி இது?" வெடுக்கென்று திரும்பினாள். "அது கிடக்கட்டும், அந்த ஜந்துவுக்கு நீ ஒழுங்கா சாப்பாடு போடறியா?"

குத்திக்காட்டுகிறாள் என்று லூபோஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலிகளைக் காட்டில் விட்டுவிட்டு வந்து என்ன பேச்சு பேசுகிறாள்!

மறுநாள் ஹினெக்குக்குப் போன் போட்டான். ஹினெக் ஊரில் பெரிய பாம்பு வளர்ப்பாளன்.

"ரொம்ப மெலிஞ்சுட்டாளா?" என்று கேட்டான் ஹினெக்.

"அதான் புரியல. தூக்கினா கை வலிக்குது. பட்டினியில வீங்குதோ என்னவோ."

"என்கிட்டக் குடுத்துடு. வாயைத் திறந்து ஊட்டிப் பார்க்கிறேன். ஆனா திருப்பித் தருவேன்னு எதிர்பார்க்காத."

லூபோஷ் மூலை அறைத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். இருந்தாலும் கண்ணெதிரே சாவதைவிட எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் என்று சம்மதித்தான்.

சனிக்கிழமை காலை ஹினெக்கின் வண்டி வாசலில் வந்து நின்றது. லூபோஷ் பெர்தாவைத் தலையணை உறைக்குள் இறக்கும்போது ராத்கா அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன பண்ற?"

"உனக்கு வேண்டியதைத்தான். ஹினெக்கிட்டக் குடுத்துடறேன்."

"குடுக்கிறியா? எதுக்கு?"

"ஐயோ, ஒண்ணும் தெரியாதவ மாதிரி! எலிய எல்லாம் காட்டுல விட்ட. இப்பப் பாம்பும் போகுது. நீ ஜெயிச்சுட்ட, போய் வாத்து வறுத்துச் சாப்பிடு!"

"நான் எதையும் காட்டுல விடல."

"அப்ப எங்க போச்சு? சிறகு முளைச்சுப் பறந்துடுச்சா?"

ராத்காவின் முகம் காது வரை சிவந்தது. அதுவே போதும் லூபோஷுக்கு.

"வாரக்கணக்கா ஒரு வாய் சாப்பிடல அவ. உங்கிட்டச் சொன்னா சிரிப்பேன்னுதான் சொல்லல." உறையை மெல்லத் தடவினான். "எனக்கு அவளைச் சாகடிக்க மனசில்ல."

உறையின் வாயை முடிந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெடுக்கென்று தூக்கித் தோளில் போட்டான்.

ராத்கா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் உறையை அடியில் தாங்கிப் பிடித்தாள்.

"மெதுவா, மடையா! நேத்துதான் ஊட்டினேன், இப்படிக் குலுக்கினா குழந்தை கக்கிடும்!"