யானை பார்க்கப் போன கேரவன்

கட்டில், அடுப்பு, குளியலறை என்று ஒரு வீட்டையே வயிற்றில் வைத்திருந்த கேரவன் ஒன்றுக்கு, காட்டில் யானை பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மூன்று மாதம் திட்டம் போட்டது. எந்த வளைவில் திரும்ப முடியும், எந்தப் பாலம் தாங்கும், எங்கே நிறுத்த இடம் இருக்கும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பியது. ட்ரெய்லரின் முதுகில் ஒரு பழைய சைக்கிள், வந்த வழியைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தது.

மலைப்பாதையில், ஜன்னலே இல்லாத ட்ரெய்லர் கேட்டுக்கொண்டே வந்தது. "அண்ணே, யானை தெரியுதா?"

"சும்மா வா தம்பி. இந்த வளைவுல நீ பாறையில இடிக்காம வந்தா போதும்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டது. "இப்போ தெரியுதா?"

"யாரும் பேசாதீங்க. பாலம் வருது."

சாயங்காலம் வனத்துறை கேட்டை மூடுவதற்குள் கேரவன் காட்டைத் தாண்டி வந்து நின்றது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "எல்லாம் திட்டப்படியே நடந்துச்சு," என்றது. பிறகு அதன் குரல் இறங்கியது. "யானைதான் கடைசி வரைக்கும் வரவே இல்ல."

"வந்துச்சே அண்ணே," என்றது சைக்கிள். "நீங்க பேசாதீங்கன்னு சொன்னப்போதான். பாலத்தை ஒட்டி, மூங்கிலுக்குள்ள ஒரு கூட்டமே நின்னுச்சு. குட்டி ரோட்டுல கால் வைக்கப் பார்த்துச்சு. தாய் தும்பிக்கையால இழுத்துப் பிடிச்சுக்கிச்சு."

"எதுக்கு?"

"நாம போய் முடியட்டும்னுதான்."