மானுக்கு ஒரு கையெழுத்து

"தம்பி, இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கேலுமே? கையெழுத்தைப் போடும்!"

விம்பிள்டன் வீட்டு வரவேற்பறையில் செல்வரத்தினம் பேனாவை நீட்டினார். தமிழர் நலன்புரிச் சங்கத்தின் தலைவர். கணக்காளர். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டிலேயே லண்டனுக்கு வந்துவிட்டதால், அதற்குப் பிறகு வந்து இறங்கிய அத்தனை பேரும் அவருக்குத் 'தம்பி'தான்.

யோகலிங்கம் பேனாவை வாங்காமல் நின்றான்.

அநியாயம் இதுதான். பக்கத்திலிருந்த பெரிய பார்க்கில் அறுநூறு மான்கள். வருடா வருடம் எண்ணிப் பார்த்து, புல்லுக்கு மிஞ்சினதைச் சுட மேலிடம் பெர்மிட் கொடுக்கும். எதைச் சுடுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிழடு, நொண்டி, கொம்பு கோணினது எல்லாம் முதலில். நல்ல இனம் மிஞ்ச வேண்டுமாம். தொண்ணூற்றுநாலாம் ஆண்டுக்கான பெர்மிட் அந்த வாரம்தான் வந்திருந்தது.

"பலவீனமானது எண்டால் வாழ உரிமை இல்லையே? தரம் பிரிக்க இவை ஆர்?"

செல்வரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த மட்டன் ரோலை ஒரு கடி கடித்து மனதைத் தேற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் சைவம். அன்று சனி.

யோகலிங்கத்தின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பார்க்கில்தான் அவன் குப்பை பொறுக்குகிறான். மான் சுடும் ஹார்விதான் அவனுக்கு மேலாளர். அவருக்கு எதிரான மனுவில் கையெழுத்து வைப்பது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிகிற வேலை.

ஆனால் அதைவிடப் பெரிய கொள்ளி ஒன்று அவன் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. அகதி விண்ணப்பத்தை ஹோம் ஒபீஸ் நிராகரித்துவிட்டது. வியாழக்கிழமை அப்பீல். தோற்றால் கொழும்புக்கு விமானம். அங்கே அவனை வரவேற்க யாரும் மாலையோடு நிற்கப்போவதில்லை.

"மதிப்பான இடத்திலிருந்து உன்னைப் பற்றி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா" என்று வக்கீல் சொல்லியிருந்தாள். அதைக் கேட்கத்தான் தலைவர் வீட்டுக்கு வந்திருந்தான்.

மானுக்கே கண் கலங்குகிற மனிதர், மனிதனைக் கைவிடுவாரா? யோகலிங்கம் பேனாவை வாங்கினான். நாற்பத்தோராவது கையெழுத்து.

"ஐயா, அந்தக் கடிதம்..."

"ஓ, அதோ?" தலைவர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "ஒளிக்காமல் சொல்லுறன், தம்பி. சங்கம் வருசத்துக்குப் பன்னிரண்டு கடிதம்தான் குடுக்கிறது. வாற எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தால் எங்கட சொல்லுக்கு மதிப்பிருக்குமே? ஆளைப் பார்த்துத்தான் குடுக்கிறம். டொக்டர், எஞ்சினியர், இங்கிலீஷ் சரளமாப் பேசுறவை. நாளைக்கு இஞ்ச எங்கட சமூகத்துக்கு ஒரு பேர் வேணுமெல்லோ?"

"பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதினை, ஏ.எல்., எடுக்க முன்னமே ஆமி என்னைப் பிடிச்சுக்கொண்டு போட்டுது, ஐயா."

"பாவம்தான். எண்டாலும் உம்மட கேஸ் பலவீனம். இந்த வருசக் கோட்டாவும் முடிஞ்சுது."

தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்த மனைவி சிவகௌரி அப்படியே நின்றார்.

"ஏனப்பா, அந்த மானுகள் எல்லாம் ஏ.எல். பாஸ் பண்ணினதுகளே?"

"இது உமக்கு விளங்காது. உள்ளுக்குப் போம்."

சிவகௌரி உள்ளே போனார். யோகலிங்கம் வாசலில் காலுக்குச் சப்பாத்தை மாட்டும்போது நாலு ரோலைக் கட்டிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தார். அந்த வீட்டில் அவர் அதிகாரம் அவ்வளவு தூரம்தான் செல்லும்.

திங்கட்கிழமை தலைவர் கோட்டும் டையுமாகப் போய் பார்க் அலுவலகத்தில் மனுவைக் கையளித்தார். செவ்வாய்க்கிழமை காலை ஹார்வி யோகலிங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேசையில் மனு. பக்கத்தில் நீளமான துப்பாக்கிப் பெட்டி. ஹார்வியின் தடித்த விரல் கடைசிப் பெயரில் நின்றது.

"இது நீதானே?"

"ஓம்... யெஸ், சேர்."

"நான் மான் சுடுவது உனக்குப் பிடிக்கவில்லையா?"

பொய் சொல்லுமளவுக்கு யோகலிங்கத்திடம் இங்கிலீஷ் இல்லை. தெரிந்த சொற்களைக் கோத்து உள்ளதைச் சொன்னான். வியாழக்கிழமை. அப்பீல். கடிதம். அதற்காகத்தான் கையெழுத்து.

"கடிதம் கிடைத்ததா?"

"இல்லை, சேர். வருடத்துக்குப் பன்னிரண்டுதானாம். நல்ல ஆட்களுக்குத்தானாம். முடிந்துவிட்டது."

"யார் வைத்த கணக்கு அது? ஹோம் ஒபீஸா?"

"இல்லை, சேர். எங்கள் ஆட்கள்தான்."

ஹார்வி நாற்காலியைத் திருப்பி, டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகித் தட்டத் தொடங்கினார்.

வேலை போச்சு. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகிவிட்டதே என்று யோகலிங்கம் தன்னையே திட்டிக்கொண்டான். இனி வக்கீலுக்கு என்ன பதில் சொல்வது?

ஹார்வி தாளை உருவி, கையெழுத்திட்டு, அவனிடம் நீட்டினார். மேலே மகாராணியின் கிரீடச் சின்னம் அச்சடித்த அரசாங்கத் தாள். யோகலிங்கம் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

பதினாலு மாதமாக என்னிடம் வேலை செய்கிறான். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. நேர்மையானவன். இவனை இந்த நாட்டில் இருக்கவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தேவையென்றால் நானே விசாரணைக்கு வந்து சொல்கிறேன்.

எழுத்துகள் கண்ணுக்குள் கலங்கின.

"சேர்... நான் உங்களுக்கு எதிராக அல்லவா..."

ஹார்வி எழுந்து துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"மானைக் குறைக்கச் சொல்லித்தான் எனக்குப் பெர்மிட் வந்திருக்கிறது. மனிதரைக் குறைக்கச் சொல்லி இன்னும் ஒருவரும் தரவில்லை."