சத்தம் ஆகாத வீடு

“பின்னல் கத்துக்கோ. இல்லேன்னா மாடியில நாலு தொட்டி வெச்சுச் செடி வளர்த்துக்கோ. இதெல்லாம் எதுக்கும்மா?”

மகள் இசைக்கருவிக் கடையின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மாக்காரி அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

ஓய்வு நேரத்துக்கு உனக்கென்று ஏதாவது கற்றுக்கொள் என்று இத்தனை நாள் நச்சரித்தவள் இதே மகள்தான்.

“அப்பாவுக்குச் சத்தமே ஆகாதே” என்றாள் பின்னாலேயே ஓடிவந்து. கடைக்குள்ளும் கிசுகிசுப்புத்தான். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்?

அவர் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்தவர். வேலை வீட்டில்தான். ஒரு ஒற்றெழுத்து அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டால், குற்றவாளி சமையலறையில் இருப்பாள்.

விசில் அடிப்பதற்கு முன்பே குக்கரை இறக்கிவிட அவள் கல்யாணமான புதிதிலேயே பழகிக்கொண்டாள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைக்க வேண்டும் என்று மகளுக்குப் பள்ளிக்கூடம் போகுமுன்பே தெரியும்.

ஒருநாள் அம்மாக்காரி பாத்திரம் துலக்கும்போது தன்னை மறந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துவிட்டாள். அவர் எழுந்து வந்து, சோப்பு நுரைக் கையோடு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதோடு பாட்டு போயிற்று. எதிர்வீட்டுக்காரியின் முகத்தைப் பார்ப்பதும் போயிற்று.

கடைக்காரர் ஒரு கீபோர்டை எடுத்து வைத்தார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது என்றார். அவள் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. புல்லாங்குழலையும் வேண்டாம் என்றாள்.

“கத்துக்க ரொம்ப நாள் ஆகறது எது?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “வயலின்தாம்மா. முதல் ஒரு வருஷத்துக்கு, கேக்கறவங்க பாடுதான் திண்டாட்டம்.”

“அதையே குடுங்க.”

“வீட்ல சார் ஒண்ணும் சொல்லமாட்டாரா?”

“ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்காரர் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார், வில்லுக்குப் பிசின் தடவிக் கொடுத்தார். ஓசையைக் குறைப்பதற்கென்று ஒரு சின்ன ரப்பர் துண்டையும் இலவசமாகப் பெட்டிக்குள் போட்டார். அவள் அதைப் பொறுக்கி எடுத்து மேசை மேல் திரும்ப வைத்தாள்.

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றது. மகள் இறங்காமலே சொன்னாள்.

“வேண்டாம்மா. பாவம்.”

“யாரு?”

ஆட்டோ திரும்பிப் போயிற்று.

அவருடைய அறைக்கதவைத் தள்ளினாள். கீல் கிறீச்சிட்டது. அதற்கு எண்ணெய் விடுகிறவள் அவள்தான். கொஞ்ச நாளாக விடுவதில்லை.

கட்டிலில் இருந்தவரின் பார்வை கறுப்புப் பெட்டியில் விழுந்தது. அவள் அதைத் திறக்கத் திறக்க, கண்கள் சிவந்தன. அந்தப் பார்வை அவளுக்கு அத்துபடி. அடுத்து வருவது உறுமல், அதற்கும் அடுத்தது கை.

நாற்காலியைக் கட்டிலருகே, அவர் தலைமாட்டுக்கே இழுத்துப் போட்டாள். தரையில் அதன் கால்கள் கரகரவென்று தேய்ந்தன. மோவாயை வயலினில் பொருத்தி, வில்லை அழுத்தி இழுத்தாள்.

தகரத்தை ஆணியால் கீறியது போல ஒரு ஓலம் வீடு முழுக்கப் பாய்ந்தது.

அவள் தோள்கள் தாமாகவே குறுகின. பழக்கதோஷம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உறுமலுக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை. பக்கவாதம் அவருடைய கைகால்களோடு நாக்கையும் கட்டிப்போட்டு மாதக்கணக்காகிவிட்டது.

வில்லை மடியில் வைத்துவிட்டு, அவருடைய கடைவாயில் வழிந்த எச்சிலைத் துண்டால் பதமாக ஒற்றி எடுத்தாள். சரிந்திருந்த தலையணையை நேராக்கினாள். அதிலெல்லாம் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பிறகு மறுபடி வில்லை எடுத்தாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். அவரால் மூட முடிந்தது அவற்றை மட்டும்தான்.