எருவண்டிக்குப் பின்னால் பனிக்குருவிகள்

ஒஹாயோவில் எங்கள் வட்டாரத்து வயல்கள் பனிக்கு அடியில் வெளுத்துக் கிடக்கின்றன. சாலையோரம் நிறுத்திய காரில் என் தோழி ஆர்லீனுடன் உட்கார்ந்திருக்கிறேன். வடக்கே துருவத்திலிருந்து வரும் பனிக்குருவியை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த குளிர்காலத்துக்குள் அவளுக்குப் பார்வை போய்விடுமென்று மருத்துவர் சொல்லிவிட்டார். மரங்களில் இந்தக் குருவிகளைத் தேடிப் பயனில்லை. பனிமேல் புதிதாக எரு விழுந்த இடத்தில்தான், அதிலுள்ள தானியத்துக்காக இறங்கும். அதனால்தான் பண்ணைக்கார வெர்னன், தூரத்து வயலுக்குப் போகவேண்டிய எருவை இன்று சாலையை ஒட்டியே தூவிக்கொண்டு வருகிறார். கரிய கோடொன்று ஆவி பறக்க நீள்கிறது. ஆர்லீன் கார்க் கதவைத் திறக்கிறாள்.

"ஏய் ஆர்லீன், எறங்காத! ஆளப் பாத்தா ஒண்ணுகூட தங்காது," என்று டிராக்டரிலிருந்து கத்துகிறார் வெர்னன்.

"நாறுதே, வெர்னன்!" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

"சும்மாதான கெடைக்குது, நல்லா மோந்துக்க."

அவர் நகர்ந்ததும், காற்று அள்ளி வீசியதுபோல ஒரு கூட்டம் இறங்குகிறது. சன்னமான கிணுகிணுப்பு. தொலைநோக்கியில் எல்லாம் கலங்கித் தெரிய, அதை மடியில் போட்டுவிட்டு ஆர்லீன் ஜன்னல் கண்ணாடியை இறக்குகிறாள். நாற்றம் உள்ளே நிறைகிறது. சக்கரத்தருகே ஒரு குருவி இறக்கையை விரிக்கிறது.

"வெள்ள எறக்க, வெர்னன்," என்கிறாள் மெல்ல, தூரத்தில் போய்விட்ட டிராக்டரைப் பார்த்து. "நுனி மட்டும் கறுப்பு."