தொண்ணூற்றிரண்டு சதவீதம்

"நாலு மாசம் வீடு வீடா சுத்தினேன்னு சொல்றே. எனக்கென்னமோ இது வீட்டுல உக்காந்து நிரப்பின ஃபாரம் மாதிரிதானேம்மா தெரியுது?"

பேராசிரியர் ஜெரோம் கேட்டார். மேசை மேல் கிடந்த படிவங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள் ஃபாயிஸா. அவரிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவி.

ஜெரோம் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் அரசியல் அறிவியல் துறைத் தலைவர். தேர்தல், கட்சி, ஓட்டு என்று எதைக் கண்டாலும் சதவீதமாக்கிவிடுவார். ஜெயிப்பார்கள் என்று அவர் சொன்ன வேட்பாளர்களில் பலர் இப்போது வேறு தொழில் பார்க்கிறார்கள். ஆனாலும் அவருக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரை ஒன்று உண்டு.

இருபத்து நாலு வருடத்துக்கு முன் சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வீடாகக் கேட்டு எழுதியது. 'எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதை தொண்ணூற்றிரண்டு சதவீதப் பெண்கள் தாங்களே முடிவு செய்கிறார்கள்.' டெல்லியில் வாசித்தார். கைதட்டினார்கள். வேலை, பதவி உயர்வு எல்லாம் அந்தக் கைதட்டலில் வந்தவைதான்.

அதே ஊரில் அதே கேள்வியை இப்போது ஃபாயிஸா கேட்டிருக்கிறாள். அவளுக்கு வந்தது முப்பத்தெட்டு.

"இத்தனை வருஷத்துல பொம்பளைங்க படிச்சிருக்காங்க, சம்பாதிக்கிறாங்க, கையில போன் வெச்சிருக்காங்க. சதவீதம் ஏறணுமா, இறங்கணுமா?"

"ஏறணும் சார்."

"அப்புறம் எப்படி இறங்குச்சு? காரணம் சொல்லு."

"தெரியல சார்."

"தெரியலைன்னா பொய்க் கணக்குன்னுதான் அர்த்தம். திங்கக்கிழமை உன் பதிவை ரத்து பண்ணச் சொல்லி எழுதப்போறேன்."

ஃபாயிஸாவுக்குக் கண் கலங்கியது. ஆனால், "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டார் ஜெரோம்.

மறுநாள் சனிக்கிழமை. கையும் களவுமாகப் பிடிக்கிற உற்சாகத்தோடு செம்பட்டியில் இறங்கி, பஸ் மாறி, அந்த ஊருக்குப் போனார்.

வாசலில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த செபாஸ்தியம்மாளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அப்போது அவருக்குத் தலை நிறைய முடி. இப்போது அதுவும் முப்பத்தெட்டு சதவீதத்துக்குக் கீழே.

"கணக்கெடுக்கிற ஆபீஸ்லருந்து வாரேன். ஃபாயிஸான்னு ஒரு பொண்ணு இங்க நெசமாவே வந்துச்சாம்மா?"

"வந்துச்சே! மூணு தடவை வந்துச்சு. எங்களோட உக்காந்து வெங்காயம் ஆஞ்சுக்கிட்டே கேட்டுச்சு. என்ன சொன்னாலும் மூஞ்சியில ஒண்ணையும் காட்டாது. அதான் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டோம்."

"முன்ன ஒருத்தர் கேட்டப்ப வேற மாதிரி சொன்னீங்களாமே?"

செபாஸ்தியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அதுவா! பாவம் சார் அந்த மனுசன். சித்திரை வெயில்ல பையைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. 'வீட்டுக்காரரு சொல்ற சின்னத்துக்குத்தான் போடுவேன்'னேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு. பக்கத்து வீட்டுக்காரி 'நானா யோசிச்சுத்தான் போடுவேன்'னா. அம்புட்டுத்தான், மூஞ்சியெல்லாம் பல்லு! இம்புட்டு ஆசைப்படுறாரே, சொன்னா நமக்கு என்ன கொறைஞ்சிரப்போவுதுன்னு தெருவே பேசி வெச்சுச் சொல்லிட்டோம்."

ஜெரோம் கைக்குட்டையை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாருமா?"

"ரெண்டு மூணு வீம்புக்காரிக சொல்லல. அவரு நல்லா இருக்காரா சார்? பெரிய ஆளா வந்திருப்பாரு, இல்ல?"

"வந்துட்டாரும்மா" என்றார் ஜெரோம்.

திரும்பும்போது செம்பட்டியில் ஒரு டீ சொன்னார். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? திங்கட்கிழமை ஒரு கடிதம். அந்தப் பெண் போய்விடுவாள், கட்டுரை நிற்கும். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம்தான்.

டீ ஆறிப்போயிற்று. போனை எடுத்தார்.

"ஃபாயிஸா, உன் கணக்கு சரிம்மா. என்னோடதுதான் தப்பு. அதை நானே எழுதி வெளியிட்டுடறேன். உன்னைப் பேசினதுக்கு மன்னிச்சிரு. அந்த ஊர்ல வெங்காயம் ஆயுற அம்மா எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

ஃபாயிஸா பதறிவிட்டாள்.

"அய்யோ... எங்க சார் காதுக்கு மட்டும் இது போயிரக் கூடாதுன்னு அந்த அம்மாகிட்ட அம்புட்டு கெஞ்சிட்டு வந்தேனே சார்!"