முறுக்கியது நேற்று

மகிபாலன் தன் அப்பாவின் பைக்கில் வேகம் கூட்டக் காயலான் கடை டர்போ ஒன்றைப் பொருத்தினான். கார் டர்போ, பைக் இன்ஜின். ஆக்சிலரேட்டரை முறுக்கி மூன்று நொடி கழித்துத்தான் வேகம் வந்தது. நானும் அவனும் டியூன் செய்தோம், ஒரு மணி நேரம் கழித்து வந்தது. இன்னும் நன்றாக டியூன் செய்தோம். நேற்று மாலை முழுதாக முறுக்கினான். வரவேயில்லை. தூங்கப் போய்விட்டோம்.

காலையில் அவன் அப்பா காய்கறிப் பையோடு வண்டியில் ஏறினார்.

"அப்பா, ஹெல்மெட்டு."

"மார்க்கெட்டுக்கு எதுக்குடா?"

"சும்மா போடுங்கப்பா. ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சுக்குங்க."

"ஒத்தக் கையால ஓட்ட நான் என்ன சர்க்கஸ்காரனா?"

முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஓரமாகவே போனார். தெருமுனையில் டர்போ விழித்துக்கொள்ளும் விசில் கேட்டது.

"பக்கத்து வீட்டுக் குக்கருடா," என்றான் மகிபாலன், என்னைப் பார்க்காமல்.