பிறந்த ஆண்டு

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பதிவேடு விரிந்து கிடந்தது.

அவள் குனிந்து வாசித்தாள். ஜெர்மன் இப்போது அவளுக்கு வாசிக்க வரும். பெயர். பிறந்த தேதி. ஊர். தொழில். வதைமுகாமுக்குக் கொண்டுவந்த நாள். கடைசிக் கட்டத்தில் இறந்த நாள்.

கொன்றவர்களே எழுதி வைத்த புத்தகம். கோடு பிசகாத கையெழுத்து.

எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள், பாவிகள்.

அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

உடனே வெட்கமும் வந்தது. பொறாமைப்படுகிற இடமா இது? திரும்பிப் பார்த்தாள். ஒரு வயதான தம்பதி மட்டும் கைகோத்தபடி அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

தம்பியின் பெயரையும் ஒருவன் எழுதினான்.

ஊரில் யுத்தம் முடிந்த கிழமை அது. ஒரு மரத்தடி, ஒரு மேசை, ஒரு நீலப் பேனை. பெயரைப் பதிந்தால் விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று இராணுவத்தார் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தம்பி தயங்கினான். அவள்தான் சொன்னாள்.

"பயப்பிடாத. பேரைக் குடுத்திட்டு வா."

பெயரைக் கொடுத்தான். பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்கு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அதோடு சரி.

அந்தப் பதிவுப் புத்தகம் எங்கே என்று கேட்டு அவள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் உட்காரச் சொல்வார்கள், எழுதிக்கொள்வார்கள், பிறகு வா என்பார்கள். கிணற்றில் போட்ட கல்தான்.

இன்று காலை பெரியண்ணன் ஊரிலிருந்து அழைத்தார்.

"பதினைஞ்சு வருஷம் போட்டுது பிள்ளை. மரணச் சான்றிதழை எடுப்பம். அவனைக் காணேல்லை எண்ட முறைப்பாடு உன்ர பேரில கிடக்குது, நீ கையெழுத்து வைச்சாத்தான் தருவினம். அம்மாவும் போயிட்டா. அவன்ர படத்துக்கு ஒரு விளக்கு வைக்கவும் ஏலாமல் எத்தினை நாளைக்கு?"

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் களைத்துவிட்டது. அவளுக்கும்தான். ஆனால் போ என்று அனுப்பியவளே, செத்துவிட்டான் என்று கையெழுத்தும் வைப்பதா?

யோசிச்சுச் சொல்லுறன் என்று வைத்துவிட்டாள்.

வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியவள் தன் தரிப்பில் இறங்கவில்லை. இப்போது நினைவிடமாகிவிட்ட இந்த முகாம்தான் அந்த பஸ்ஸின் கடைசித் தரிப்பு. ஒன்பது வருஷமாக பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயரை வாசித்துக்கொண்டுதான் ஏறுகிறாள். ஒரு நாளும் வந்ததில்லை. செத்தவீட்டுக்கு அழைக்காமலே போகவேண்டும் என்பார்கள். அவளோ அழைத்தாலும் போகாதவள்.

வெளியேறும் வழியில் ஒரு சின்ன அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே கணினிக்கு முன்னால் நரைத்த தலையோடு ஒரு அம்மா, கழுத்தில் அடையாள அட்டை.

அவள் கடக்கும்போது அந்த அம்மா நிமிர்ந்தார்.

"யாரையாவது தேடுகிறீர்களா?"

வருகிற போகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும். அவளுக்குக் கால் நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் அவள் போய்ப் போய்க் கேட்டதுதான். அவளைப் பார்த்து ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

ஓம் என்று தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு ஜெர்மனில் சொன்னாள். உட்கார்ந்தாள்.

குடும்பப் பெயர்?

நல்லதம்பி. தகப்பனின் பெயர்தான். இந்த நாட்டுக்கு வந்தால் அது குடும்பப் பெயராகிவிடும்.

முதற்பெயர்?

இன்பரூபன்.

எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அந்த அம்மா ஒரு இடத்தில் பிழைவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினார்.

என்ன உறவு?

தம்பி.

பிறந்த ஆண்டு?

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு."

விரல்கள் நின்றன.

இந்த முகாமை மூடி நாற்பத்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன்.

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். எழும்பிப் போ என்றால் போகலாம், அது பழகிப்போனதுதானே.



பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒன்று. ஒன்பது. எட்டு. எட்டு. ஒவ்வொன்றாகத் தட்டினார்.

திரையில் சின்ன வளையம் ஒன்று சுற்றியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இல்லாத ஒன்றுக்கு இப்படி அடிக்கலாமா என்று அவளே அதைத் திட்டினாள். அது கேட்கவில்லை.

வளையம் நின்றது.

"இங்கே இறந்தவர்களில் உங்கள் தம்பி இல்லை."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அழுதாள். அந்த அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். அதை ஒரு கடதாசியில் எழுதித் தர முடியுமா? முத்திரை குத்தி?

இந்த நாட்டில் முத்திரை இல்லாமல் நாய்கூட வளர்க்க முடியாது. அந்த அம்மா மேலே ஒன்றும் கேட்காமல் ஒரு தாளை எடுத்தார்.

"யாருக்கு என்று எழுதட்டும்?"

அவள் பெரியண்ணனின் பெயரைச் சொன்னாள்.